கழற்றாத நீல ஷூ

செருப்புக் கடையில் விற்பனையாளர் அவர். யார் வந்து உட்கார்ந்தாலும் காலைப் பார்ப்பதற்கு முன் புருவத்தைப் பார்ப்பார். குட்டை முக்காலியில் அமர்ந்து, ஷூவை மாட்டிவிட்டு, கட்டைவிரலால் அதன் முனையை ஒருமுறை அழுத்துவார். அழுத்தும்போதே கண் மேலே போய்விடும். "சரியாத்தான் இருக்கு" என்று வாய் சொல்லும். புருவம் லேசாகச் சுருங்கும். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் ஒரு அளவு பெரிய ஜோடியோடு வருவார். இதனால் அவருக்குக் கடையில் 'புருவம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. கல்லாவிலிருந்து முதலாளி, "புருவம், ஆள் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தால், புதிதாக வந்தவர்கள் தங்கள் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்குத் தன் மகளின் புருவம் மட்டும் பிடிபடவில்லை.

தத்தெடுத்த குழந்தை. இரண்டரை வயது. குழந்தைகள் இல்லத்திலிருந்து அழைத்து வந்த அன்று நீலத் துணி ஷூ போட்டிருந்தாள். வீட்டுக்குள் வந்தாள், சாப்பிட்டாள், சுவரில் நகர்ந்துகொண்டிருந்த வெயிலை விரலால் தொட்டுப் பார்த்தாள், கட்டிலில் ஏறிப் படுத்தாள். ஷூவை மட்டும் கழற்ற விடவில்லை. அழுகை, அடம் எதுவும் கிடையாது. அதன் ஒட்டுப் பட்டைமேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள், குருவியைப் பொத்தி வைத்திருப்பவள்போல.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாட்களிலும். குளியல் என்றால் தலையும் உடம்பும் குளியலறைக்குள், கால் இரண்டும் நிலைப்படிக்கு வெளியே. மனைவி முட்டிவரைக்கும் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். மதியம் நன்றாகத் தூங்கியதும் திருடியைப்போல ஷூவைக் கழற்றி, காலை ஈரத்துணியால் துடைத்து, திரும்ப மாட்டிவிடுவாள். மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ஊரார் கால் எல்லாம் இவர் கையில், சொந்த மகளிடம் மட்டும் பாச்சா பலிக்கவில்லையே என்று சிரித்தாள்.

ஒருநாள் ஷூ கையில் இருக்கும்போதே குழந்தை விழித்துக்கொண்டாள். வெறுங்காலோடு இறங்கி, நேராக வாசல் கதவருகே போய் நின்றாள். ஷூ திரும்பக் காலுக்கு வரும்வரை அங்கேயே நின்றாள். மாலையில் இதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அவ இன்னும் கிளம்பத் தயாரா இருக்கா. நாமதான் புரிஞ்சுக்கல" என்றார்.

"எங்கங்க போவா? ஒரு டம்ளர் தண்ணிக்கு என் முந்தானையைத்தான் வந்து இழுக்கறா."

"அது பசி, தாகம். ஹோட்டல்லகூட கேப்பாங்க."

குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலையே இல்லாத குளம்போல இருந்தது அந்தப் புருவம்.

தவறு எங்கே என்று அவர் யோசித்துப் பார்த்தார். திரைச்சீலையின் நிறமா, தன் குரலா, வீட்டில் அடிக்கிற தோல் வாசனையா? கொஞ்ச நாளில் யோசிக்கவும் நேரமில்லாமல் போயிற்று. ஒருநாள் குழந்தை தூங்கும்போது பழக்கதோஷத்தில் ஷூ முனையை அழுத்திப் பார்த்தார். விரல் முட்டிக்கொண்டிருந்தது. புது வீட்டுச் சாப்பாட்டில் பாதம் வளர்ந்துவிட்டிருக்கிறது. இனியும் விட்டால் நகம் உள்ளே குத்தும். ஒரு வாரம் ஒளித்து வைத்தால் மறந்துவிடுவாள் என்றாள் மனைவி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிடுங்கிய கை என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் பிறகு அந்தக் கையை அவள் பிடிக்கவே மாட்டாளோ என்று பயம். பெரிய அளவில் அதே நீலத்தில் ஒரு ஜோடி வாங்கி வந்தார். குழந்தை மரியாதையாக வாங்கித் தலையணைப் பக்கத்தில் படுக்க வைத்தாள். காலில் பழையதே இருந்தது.

பல் மருத்துவமனை வேலையில் விடுப்பு எடுத்திருந்த மனைவியை ஒருநாள் அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவர் குழந்தையைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். வெளியே மழை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தெரு கரைந்து கரைந்து ஓடியது. குடைகள் மீன்கள்போல மிதந்து போயின. அட்டைப் பெட்டி மேல் அவளை உட்கார வைத்தார். நனைந்து ஒதுங்கியவர்களெல்லாம் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஷூ பார்க்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், கால் நீட்டினார்கள், அவர் கழற்றினார், மாட்டினார், முனையை அழுத்தினார், நிமிர்ந்து பார்த்தார். ஓட்டைக் காலுறைக்காரர் ஒருவர் கட்டைவிரலை மடக்கி மடக்கி மறைத்தார். குழந்தை எல்லாவற்றையும் பார்த்தாள். முதலாளி மிட்டாய் நீட்டி, "அப்பாவுக்கு மேல உத்துப் பாக்குதே, இந்தப் புருவம்" என்றார். அவள் மிட்டாயை வாங்கிக்கொண்டு திரும்பவும் அவர் கையையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஈரத்தோடு நாற்காலியில் சாய்ந்தார். எதிரே ஏதோ உரசுகிற சத்தம். குழந்தை சமையலறை மணையை இழுத்துக்கொண்டு வந்து, அவர் காலடியில் போட்டு உட்கார்ந்தாள். அவர் ஷூவின் நாடாவைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு இறுகியது. அவர் குனிந்து ஒரு நுனியை மட்டும் தளர்த்திக் கொடுத்தார். அவள் குதிகாலை இரண்டு கையாலும் பற்றி இழுத்து, ஷூவோடு மல்லாந்து விழுந்தாள். எழுந்து இன்னொன்றையும் கழற்றினாள். பிறகு அவருடைய நனைந்த பெருவிரலைத் தன் குட்டிக் கட்டைவிரலால் அழுத்தி, நிமிர்ந்து, அவர் புருவத்தைப் பார்த்தாள்.



அவள் நாற்காலியில் ஏறி அவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, கால் இரண்டையும் நீட்டினாள்.

"எனக்கு" என்றாள்.

அவர் மணையில் இறங்கி உட்கார்ந்து, அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்குள் வேலையிலிருந்து திரும்பியிருந்த மனைவி, பட்டை பிரியும் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்து, கரண்டியோடு அப்படியே நின்றாள். பாதத்தில் பட்டையின் தடம் இலை நரம்புபோலச் சிவந்திருந்தது. குழந்தை கால்விரல்களை விரித்தாள், மடக்கினாள், எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பவள்போல. பிறகு தானே இறங்கி, அப்பாவின் ஈர ஷூவையும் வாசலுக்குக் கொண்டுபோய் வைத்து, அதற்கும் அம்மாவின் செருப்புக்கும் நடுவில் தன் ஷூவை வைத்தாள்.

மாதங்கள் கழித்து இல்லத்து ஆயா அவளைப் பார்க்க வந்தார். அதற்குள் வெறுங்காலோடு வீடெல்லாம் ஓடி, மாட்டிவிட்டதை எல்லாம் உதறுகிறவளாகியிருந்தாள் மகள். இவள் செருப்பைத் தேடுவதே எங்களுக்கு வேலை என்று மனைவி சலித்துக்கொண்டாள். ஆயா சிரித்தார்.

"அன்னிக்கு நீலத்தைப் போட்டுவிட்டப்பவே சொல்லித்தான் அனுப்பினேன். வழியில எங்கயும் கழட்டிடாத கண்ணு, வீடு வந்து சேர்ந்தப்புறம்தான் கழட்டணும்னு. கெளம்புற எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் சொல்றதுதான்" என்றார்.