மச்சான் எல்க் வேட்டைக்குக் கிளம்பிய புரட்டாசி

மச்சானுக்கும் எனக்கும் ஒரே அளவு கால். அதனால் அவருடைய புது பூட்ஸை நான் மூன்று வாரம் போட்டு நடந்தேன்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். கலிபோர்னியாவில் பிளசன்டன் என்ற ஊரில் அவர் ஓட்டல் வைத்திருந்தார். அக்கா கல்லாவில் இருந்தாள், நான் அடுப்படியில். எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம், சிறுமலை அடிவாரம். நான் எட்டாவதோடு நின்றவன். மச்சான் திண்டுக்கல் டவுன்காரர், இன்ஜினியர். தனக்குக் கிரீன் கார்டு வந்ததும் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஓட்டல் தொடங்கினார். சமையலுக்கு ஆள் என்று அவர் கடை பெயரில்தான் எனக்கு விசா வந்தது. கிரீன் கார்டுக்கும் அவர்தான் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதம் நடந்துகொண்டிருந்தது. அது முடிகிற வரைக்கும் நான் வேறு எங்கும் போக முடியாது. அவருக்கும் அது தெரியும்.

கடை இருந்த கட்டடம் ஒரு வெள்ளைக்காரருடையது. அறுபது வயது இருக்கும். வாரம் ஒரு தரம் வந்து மசால் தோசை சாப்பிடுவார். வருஷா வருஷம் அக்டோபரில் கொலராடோ மலைக்கு எல்க் வேட்டைக்குப் போவார். எல்க் என்றால் நம் கடமான் ஜாதி, ஆனால் குதிரை உயரம் நிற்கும். அங்கே வழிகாட்டிகள் உண்டு. கூடாரம் போட்டு, குதிரை கொடுத்து, மான் இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போவார்கள். சுடுவது மட்டும் போகிறவர் பொறுப்பு.

கொஞ்சம் தள்ளி சான் ரமோன் ஊரிலும் அவருக்கு ஒரு கட்டடம் இருந்தது. பக்கத்தில் பெரிய ஆபீஸ் வளாகம். மத்தியானம் நம் ஆட்கள் நூற்றுக்கணக்கில் டப்பா திறக்கிற இடம். அங்கே இரண்டாவது கடை போட வேண்டும் என்று மச்சானுக்கு வெறி.

ஒரு நாள் தோசையை எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் வெள்ளைக்காரர் எதிரில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். மலையடிவாரம், கடலைக் காடு, நாட்டுத் துப்பாக்கி. எனக்குக் காது அங்கேயே நின்றுவிட்டது. அது என் கதை. எங்கள் அப்பா லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். கடலைக்கு இறங்குகிற பன்றியை நான்தான் சுடுவேன். அக்கா கல்யாணத்தின்போது பேச்சுவாக்கில் இவரிடம் சொல்லியிருந்தேன். இவர் வாயில் பன்றி சிறுத்தையாகிவிட்டது. சுட்டவர் இவர். நான் தட்டை வைத்தேன். மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் எங்களோடு வருகிறாயா என்று வெள்ளைக்காரர் கேட்டார். மச்சான் உடனே தலையாட்டினார்.

அடுத்த வாரம் வழிகாட்டியிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. என்னென்ன செய்துவிட்டு வர வேண்டும் என்று ஒரு பட்டியல். அக்கா படித்தாள்.

"ஆரஞ்சு கலர்ல சட்டையும் தொப்பியும் வேணுமாம். பூட்ஸ் புதுசா இருந்தா முன்னாடியே போட்டு நடந்து பழக்கணுமாம். தினம் முதுகுல இருபது பவுண்டு வெச்சுக்கிட்டு மேடு ஏறணுமாம். இருநூறு கஜத்துல பேப்பர் தட்டு வெச்சுச் சுட்டுப் பாக்கணுமாம். அஞ்சுக்கு நாலாவது தட்டுல விழலைன்னா மான் பக்கம் விட மாட்டாங்களாம்."

"அதெல்லாம் மாப்ள பாத்துக்குவான்," என்றார் மச்சான்.

"போறது நீங்களா, அவனா?"

"அவனும்தான் வர்றான். அங்க எனக்குச் சோறு யார் ஆக்குறது? பேரு குடுத்துட்டேன்."

என்னை யாரும் கேட்கவில்லை. அக்கா சுவரில் தொங்கின காலண்டரைப் பார்த்தாள். வேட்டை திறக்கிற நாள் சனிக்கிழமை. புரட்டாசிச் சனி.

எங்கள் இரண்டு வீட்டிலும் பெருமாள்தான். புரட்டாசி முழுக்கக் கவிச்சி இல்லை. மச்சான் சனிக்கிழமைகளில் நாமம் போட்டுக்கொண்டுதான் கடை திறப்பார். கடையில் கறி வேகும், நான்தான் ஆக்குவேன், ஆனால் உப்புப் பார்க்க மாட்டேன். பாத்திரம் கழுவுகிற மெக்சிகோ அம்மா ஒரு கரண்டி வாயில் விட்டுத் தலையை ஆட்டுவார். அதை வைத்து இறக்குவேன்.

"தேதிய மாத்தச் சொல்லுங்க," என்றாள் அக்கா.

"அவருகிட்டப் போயி புரட்டாசின்னா என்னன்னு நான் பாடம் எடுக்கவா?"

"எடுங்க."

"எடுத்தா சான் ரமோன் கட்டடம் வேற எவனுக்காவது போயிடும்."

தேதி மாறவில்லை. பூட்ஸ் வந்தது. மறுநாளிலிருந்து அதைப் போட்டுக்கொண்டுதான் சமைத்தேன். ஈரத் தரை, சூடு, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற வேலை. இரண்டாம் நாளே குதிகாலில் தோல் போனது. காலையில் மச்சான் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் மேட்டடியில் இறக்குவார். இருபது பவுண்டு அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு நான் ஏறுவேன். அவர் காரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். மூச்சுப் பழக வேண்டியவர் அவர். ஏறியது நான். துப்பாக்கி தூக்கவும் மான் தொடையைச் சுமக்கவும் ஆள் வேண்டும் என்று நினைக்கிறார் போல என்று நினைத்தேன்.

ஒரு நாள் பூட்ஸைக் கழற்றிக் காலைக் காட்டினேன்.

"ரத்தம் உள்ள படாமப் பாத்துக்க மாப்ள," என்றார். "புதுசு."

வேட்டை வகுப்புக்கு அவர்தான் போனார். அது இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. பரீட்சை எழுதி அட்டை வாங்கிக்கொண்டு வந்தார். எழுத்துப் பரீட்சையில் அவர் எந்தக் காலத்திலும் தோற்றதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் தாண்டி மலைக்குள் இருந்த ஒரு சுடுகிற மைதானத்துக்குப் போனோம். வெள்ளைக்காரர் தன்னுடைய பழைய ரைபிள் ஒன்றைப் பழக என்று கொடுத்திருந்தார். மச்சான் ஐந்து முறை சுட்டார். ஒவ்வொரு தரமும் கண்ணை மூடினார். ரைபிள் இடித்து இடித்துத் தோள் கன்றிப்போனது. தட்டு வெள்ளையாகவே இருந்தது.

"நீ சுடு."

சுட்டேன். நான் துப்பாக்கி தொட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஐந்தும் தட்டில் விழுந்தன. மூன்றை ஒரு உள்ளங்கையால் மூடலாம்.

மச்சான் நடந்து போய்த் தட்டை எடுத்தார். மடிக்காமல் பேப்பருக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அந்த வாரம் அந்தத் தட்டு வெள்ளைக்காரர் மேசையில், தோசைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் மச்சான் தோளைத் தட்டினார். கன்றின தோள். மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

அதே வாரம், என் கிரீன் கார்டுக் காகிதத்தைப் பார்க்கிற வக்கீலம்மா ஒரு கையெழுத்துக்குக் கூப்பிட்டார். நான் நொண்டிக்கொண்டு போனேன். என்ன என்று கேட்டார். தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன், மேடு, பூட்ஸ், ரைபிள் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்தார். வேலை விசாவில் இருக்கிறவன், வேட்டை லைசென்ஸ் இல்லாதவன், துப்பாக்கியைத் தொட்டாலே குற்றம் என்றார். மாட்டினால் ஃபைல் மூடிவிடுவார்கள், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மெதுவாக, மூன்று தரம் சொன்னார். இனி அந்தப் பக்கமே போகாதே என்றார். அடுத்து கடை முதலாளியின் வேலைக் கடிதம் வேண்டும், தயார் செய்து அனுப்புகிறேன், அவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

மத்தியானக் கூட்டம் முடிந்த பிறகு மச்சானிடம் சொன்னேன்.

"மச்சான், நான் இனி துப்பாக்கியத் தொட மாட்டேன். காகிதம் போயிடுமாம்."

"வக்கீலுகிட்ட ஏன் சொன்ன?"

"கேட்டாங்க."

"கேட்டா எல்லாத்தையும் ஒப்பிச்சிருவியா? நீ தொடாம அங்க யாருடா சுடுறது?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வெள்ளைக்காரர் ஒரு வழிகாட்டியோடு போவார். நானும் மச்சானும் வேறொரு வழிகாட்டியோடு. லைசென்ஸ் மச்சான் பெயரில். சுடுவது நான். போட்டோவில் அவர்.

"வழிகாட்டிக்குக் கண்ணு இல்லையா மச்சான்?"

"அவனைப் பாத்து ஏதாவது கவனிச்சுக்கலாம். காட்டுக்குள்ள எவன் வந்து பாக்கப் போறான்? மாப்ள, புரட்டாசிச் சனியில நான் ஒரு உசுர எடுக்கலாமா? பெருமாளுக்கு அடுக்குமா?"

"நான் எடுத்தா அடுக்குமா?"

"உனக்கென்ன. தினம் கோழி வெட்டுற கை."

அக்கா வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"குறி தப்புதுன்னு சொல்லுங்களேன். பெருமாள ஏன் இழுக்குறீங்க," என்றாள்.

மச்சான் முகம் கறுத்தது. என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"வேலை லெட்டர்ல கையெழுத்து நான் போடணும். அத மறந்துடாத."

நான் அடுப்புக்குத் திரும்பினேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வெள்ளைக்காரரும் வந்துவிட்டார். கிளம்புவதற்குப் பத்து நாள் இருந்தது. நல்ல மனுஷன். காபி ஊற்றிக் கொடுத்தார். இருநூறு கஜத்தில் தட்டை வைத்துவிட்டு வந்து, அந்த ஐந்தை இன்னொரு தரம் போடு, நான் பார்க்க வேண்டும் என்றார் மச்சானிடம்.

மச்சான் தோள் வலி என்றார். இன்றைக்கு மச்சினன் சுடட்டும், இவனுக்கும் கொஞ்சம் வரும் என்றார். வெள்ளைக்காரர் ரைபிளை என் பக்கம் நீட்டினார்.

மச்சான் தமிழில் சொன்னார். "வாங்குடா. வாங்கு. உன் லெட்டர் என் டேபிள்லதான் இருக்கு."

வாங்கியிருக்கலாம். ஐந்து தோட்டா. யாரும் பார்த்துவிடப் போவதில்லை. வாங்கினால் கொலராடோவிலும் வாங்க வேண்டும். அப்புறம் அடுத்த வருஷமும். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நோ கிரீன் கார்டு," என்றேன். "நோ கன்."

வெள்ளைக்காரருக்கு உடனே புரிந்தது. ரைபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நீ செய்தது சரி என்றார். பிறகு மச்சானைப் பார்த்தார். அப்படியானால் நீதான் என்றார்.

மச்சான் உட்கார்ந்தார். ஐந்து சுட்டார். வெள்ளைக்காரர் தூரக் கண்ணாடியில் வெகு நேரம் பார்த்தார். தட்டைப் பார்த்தார், தட்டுக்குப் பின்னால் இருந்த மண் மேட்டைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தச் சிறுத்தை எவ்வளவு தூரத்தில் இருந்தது?

மச்சான் குனிந்து காலித் தோட்டாக்களைப் பொறுக்கினார்.

வேண்டுமானால் வந்து வேடிக்கை பார், சுடக் கூடாது, காயப்பட்ட மான் மலையெல்லாம் காலை இழுத்துக்கொண்டு ஓடிச் சாகும் என்றார் வெள்ளைக்காரர். சமையல்காரன் வேண்டாம், அங்கே ஆள் இருக்கிறது என்றார்.

கார் ஃப்ரீவேயில் ஏறியதும் மச்சான் ஆரம்பித்தார்.

"உன்ன ஊருக்கு அனுப்புறேன்டா," என்றார்.

"அனுப்புங்க. சனிக்கிழமை எண்பது பேருக்குப் பெருமாள் தளிகைச் சாப்பாடு ஒத்துக்கிட்டிருக்கீங்க. அதுக்கு ஆள் பாத்துட்டு அனுப்புங்க."

ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தார். அன்றோடு என்னிடம் பேசுவதை விட்டுவிட்டார். என்ன சமைக்க வேண்டும் என்பதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அடுப்பு மேல் ஒட்டிவிட்டுப் போவார். லெட்டர் அவர் டேபிளில் கையெழுத்து இல்லாமல் கிடந்தது. அக்கா இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் எழுந்து போய்விட்டார்.

அவர் கிளம்புகிறபோது புளியோதரையும் தொக்கும் கட்டிக் கொடுத்தேன். அக்கா சொன்னாள், செய்தேன். பாசத்தில் செய்ததில்லை. நாமம் போட்டுக்கொண்டு ஆரஞ்சுத் தொப்பி வைத்துக்கொண்டு போனார். நான்காம் நாள் திரும்பினார். இரண்டு காலிலும் கொப்புளம். பூட்ஸ் என் காலுக்குப் படிந்திருந்தது, அவர் காலுக்கு இல்லை. வெள்ளைக்காரர் ஒன்று சுட்டாராம். சான் ரமோன் கட்டடத்தைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். ஒரு மாதத்தில் அங்கே சாண்ட்விச் கடை வந்துவிட்டது. அதுவும் என்னால்தான் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

தீபாவளி வந்தது. கடை நிறைந்துவிட்டது. சான் ரமோனிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். நடு மேசையில் எட்டு பேர். மச்சான் அவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு பேசுவது அடுப்படி வரைக்கும் கேட்டது.

"கண்ணு முன்னாடி நிக்குது சார். கொம்பு இந்த அகலம். ட்ரிகர்ல விரல் வெச்சாச்சு. அப்பத்தான் ஞாபகம் வருது, இன்னைக்குப் புரட்டாசிச் சனி. ரைபிள எறக்கிட்டேன். கைடு அப்படியே மூஞ்சியப் பாக்குறான்."

"இந்தக் காலத்துல யாரு சார் அப்படி இருக்கா," என்றார் ஒரு பெரியவர். ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

நான் அடுப்பை அணைத்தேன். கையைக் கழுவினேன். மச்சான் டேபிளுக்குப் போய் லெட்டரை எடுத்தேன், பேனாவையும் எடுத்தேன். நேராக நடு மேசைக்குப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். மச்சான் பேச்சை நிறுத்தினார்.

"அண்ணே, நீங்களும் இவரோட போனீங்களா?" என்று ஒரு பையன் வயசு இன்ஜினியர் என்னைக் கேட்டார்.

"மலைக்குப் போகல," என்றேன். "சுட்டுப் பழகுன எடத்துக்குப் போனேன். கூடவே இருந்தேன்."

"அங்க எப்படிச் சுட்டாரு?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"மச்சான், கையெழுத்து," என்றேன்.

"அப்புறம் போடலாமே. எல்லாரும் சாப்பிடுறாங்க."

"இப்பப் போடுங்க."

அந்தப் பெரியவர் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். லெட்டரை அங்கே வைத்தேன். இன்ஜினியர் இன்னும் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாவில் அக்கா எழுந்து நின்றாள்.

மச்சான் குனிந்தார். பேனாவை அழுத்திப் போட்டதில் காகிதம் ஒரு ஓரத்தில் கிழிந்தது. நான் அதை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். "நல்லாச் சுட்டாரு," என்று அந்த இன்ஜினியரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

கிழிந்தாலும் செல்லும் என்று வக்கீலம்மா சொன்னார்.