பெருமாள் அண்ணனுக்கு ஒரு டிராக்டர்

போன வாரம் ஒரு காலை, ஈப்போவை ஒட்டிய எங்கள் குனோங் ராபாட் பெரிய சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. ஏதோ விபத்து என்று நினைத்துத் தலையை நீட்டிப் பார்த்தால், சாலையோரப் புல் வெட்டும் டிராக்டர் ஒன்று தன்பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் மட்டும் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு டீசல் புகையை நெஞ்சு நிறைய இழுத்தேன். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் இருந்த பையன் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேரன் பேத்தி எடுத்த பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு புகையை மோந்துகொண்டிருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

அந்த வாசனை எனக்குப் பள்ளிக்கூட வாசனை. கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். தோட்டத்துப் பிள்ளைகள் டிராக்டரின் பின்னால் மாட்டிய டிரெய்லரில்தான் பள்ளிக்குப் போவோம். எங்களை இறக்கிவிட்டதும் அதே டிரெய்லர் மரத்துக் கிண்ணத்தில் உறைந்த ரப்பர்ப் பாலை, ஒட்டுப்பாலை, ஏற்றப் போய்விடும். மழைநாளில் காயாத ஒட்டுப்பாலின் நாற்றம் பலகையில் ஏறி, பலகையிலிருந்து எங்கள் வெள்ளைச் சட்டைக்கு ஏறிவிடும். டவுன் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். எங்களுக்கு அது உறைத்ததே இல்லை. நாங்கள் டிராக்டரில் வந்தவர்கள், அவர்கள் நடந்து வந்தவர்கள். அந்தத் திமிர் வேறு.

ஓட்டியவர் பெருமாள் அண்ணன். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எண்ணெய் தடவி வாரிய முடி, காதில் செருகிய சிகரெட். இரும்பு இருக்கையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தாரென்றால் தோட்டத்து மானேஜரே அவருக்கு ஒரு படி கீழேதான். டிரெய்லரில் யாராவது எழுந்து நின்றால் திரும்பாமலே அதட்டுவார்: "ஏய், உக்காருலா. விழுந்தா ஒங்கப்பனுக்கு நான்தான் பதில் சொல்லணும்." முதுகிலும் கண் இருக்கிறது என்று நாங்கள் நம்பினோம்.

பள்ளி முடித்ததும் எனக்கு ஈப்போவில் வேலை கிடைத்தது. டிராக்டர் உதிரிபாகம் விற்கும் சீனர் கடையில் தட்டச்சும் கணக்கும். கடைக்கு வரும் கம்பெனி விற்பனையாளர்கள் முதலாளிக்குச் சின்னச் சின்ன டிராக்டர் பொம்மைகளைப் பரிசாகக் கொடுப்பார்கள். பொம்மை என்று சொன்னாலும் விளையாட்டுச் சாமான் இல்லை. அசலை அப்படியே சுருக்கி இரும்பில் வார்த்தது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். முதலாளி அவற்றை மேசையில் வரிசையாக வைத்திருப்பார். வாடிக்கையாளர்களோடு வரும் பிள்ளைகள் எடுத்து உருட்டி, முதல் வேலையாகப் புகைக்குழாயை உடைப்பார்கள். உலகத்தில் எந்த மாதிரி டிராக்டரை எடுத்தாலும் முதலில் ஒடிவது புகைக்குழாய்தான். இது நாற்பது வருட அனுபவத்தில் சொல்வது.

அப்படிக் குழாய் ஒடிந்த ஒரு சிவப்பு டிராக்டரை முதலாளி குப்பைக்கூடையில் போடப் போனார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். "அமோய், ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. யாருக்கு இது?" என்று கேட்டார். சீனர் பேச்சில் அமோய் என்றால் சின்னப் பெண். எனக்குத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தம்பிக்கு என்றேன். எனக்குத் தம்பியே கிடையாது.

அதிலிருந்து தொடங்கியது. சம்பளம் ஏறினால் ஒன்று, பிள்ளை பிறந்தால் ஒன்று, சண்டை வந்தால் ஒன்று. ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் பிஸ்கட் டின்னுக்குள் கை விட்டுத் துழாவி எடுத்தவை பாதி. மூடப்போன ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து கண்ணாடி அலமாரி வாங்கி, முன்கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அடுக்குவதற்கு என்று ஒரு முறை வைத்திருக்கிறேன். மேல் தட்டில் முன்சக்கரம் இரண்டும் ஒட்டி நிற்கும் கிழட்டு வண்டிகள், நடுத்தட்டில் எங்கள் தோட்டத்து மாதிரி, கீழே இளசுகள். பழைய ரப்பர்ச் சக்கரம் இந்த ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு அட்டை இருக்கும். சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதையும் மூலைக்கு மூலை வைத்திருப்பேன். முகப்பவுடர் பூசும் தூரிகையால் வாரம் ஒருமுறை தூசி தட்டுவேன். என் முகத்துக்கு அது பயன்பட்டதில்லை.

"மத்தவங்க வீட்டுல ஷோகேஸ்ல பீங்கான் இருக்கும். எங்க வீட்டுல உரம் ஏத்துற வண்டி," என்று வருகிறவர்களிடமெல்லாம் என் கணவர் சொல்வார். ஆனால் அலமாரிக்கு விளக்குப் போட்டுக் கொடுத்தவரும் அவரேதான்.

இதற்குள் தோட்டம் போய்விட்டது. முதலில் ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டார்கள், பிறகு பனையையும் வெட்டி வீடு கட்டினார்கள். ஆட்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். பெருமாள் அண்ணன் கொஞ்ச காலம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். மனைவியைத் தோட்டத்திலேயே இழந்தவர். கடைசியில் மகள் கலாவோடு குனோங் ராபாட்டுக்கே வந்து, எங்களுக்கு நாலு லோரோங், அதாவது நாலு சந்து, தள்ளிக் குடியிருந்தார்.

என்னிடம் டிராக்டர் இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார். அலமாரியின் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணுலகூட சேறு இல்லையே. சேறு இல்லாத டிராக்டரு என்ன டிராக்டரு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை அலமாரிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, டீயை ஆறவிட்டு, நடுத்தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த அலுப்பெல்லாம் அங்கே உட்கார்ந்தால் அவர் முகத்திலிருந்து போய்விடும். நானும் அதைப் பார்க்கத்தான் டீ போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சாவைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் தோட்டத்தில் யார் செத்தாலும் கடைசிப் பயணம் டிராக்டரில்தான். ரப்பர்ப் பால் எடை போட்டு முடிந்த பிறகு, மதியத்துக்குமேல்தான் எடுப்பார்கள். அதற்குள் பெருமாள் அண்ணன் டிரெய்லரைக் கழுவி, ஒட்டுப்பால் நாற்றம் போக மஞ்சள் தண்ணீர் தெளித்து, தென்னங்கீற்று கட்டியிருப்பார். அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போடுவார். முதல் கியருக்குமேல் போகமாட்டார். தோட்டமே பின்னால் நடந்து வரும். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். ஒரு கிழவன் பின்தங்கினால் வண்டி நின்றுவிடும்.

"அத்தன பேரையும் நான்தான் கொண்டு போயி விட்டேன்," என்றார் அண்ணன். "எனக்கு மட்டும் அந்தச் சவ வேனு. கண்ணாடி போட்டு, உள்ள நீல லைட்டு வச்சு, ஐஸ்கிரீம் விக்கிறவன் மாதிரி வர்றான் பாரு. ஏசி வேற. செத்தவனுக்கு எதுக்குலா ஏசி?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இம்புட்டு டிராக்டரு வச்சிருக்கியே, என்னைய ஏத்திக்கிட்டுப் போக ஒண்ணு இருக்கா? எனக்கு டிராக்டருதான் வேணும், தங்கச்சி. பாத்து வை."

வீட்டுக்கு ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கி வை என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். சரிண்ணே என்றேன். அன்றிரவு என் கணவரிடம் சொன்னபோது, "அலமாரியோட நிறுத்தியிருக்கலாம் நீ," என்றார்.

நான் உடனே ஆ செங்கைக் கூப்பிட்டேன். ஆ செங், என் பழைய முதலாளியின் மகன். கடையிலேயே தமிழ் வாடிக்கையாளர்களோடு வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. கடையை மூடிவிட்டு ஆயர் தாவாரில் கொஞ்சம் எண்ணெய்ப்பனை வைத்திருக்கிறான். பழக்குலை ஏற்ற அவனிடம் ஒரு பழைய டிராக்டர் உண்டு. விஷயத்தைச் சொன்னதும் ஒரே ஒரு சந்தேகம் கேட்டான்: "பெருமாள் அண்ணன்தானே? ஃபேன் பெல்ட் வாங்க வந்து எங்கப்பாகூட சண்ட போடுவாரே, அவருதானே? போலே லா, செய்யலாம். லாரியில ஏத்திக் கொண்டாரேன். ஆனா நீலக் கலரு. பரவால்லயா?"

அண்ணன் ஓட்டியது சிவப்பு. பரவாயில்லை என்றேன்.

மழைக்காலத்தில் அண்ணன் போய்விட்டார். நான் போனபோது கலா சவ வண்டிக்காரரிடம் பேசி முடித்திருந்தாள். டிராக்டர் என்றதும் அவள் முகம் மாறியது. "அக்கா, அப்பா வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு. வீடும் வீடும் ஒட்டியிருக்கிற தாமான்ல இதெல்லாம் செஞ்சா பக்கத்து வீட்டு ஆளுங்க என்ன நெனைப்பாங்க? பெரிய ரோட்டுல போலீஸ் விடுவானா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அண்ணனுக்குச் சரி என்று சொல்லியிருந்தேனே. இந்த ஒன்றைச் செய்யாவிட்டால் அலமாரியில் இருப்பதையெல்லாம் கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவளே பேச்சை எடுத்து, "அம்மாவ அப்பாதானே ஓட்டிக்கிட்டுப் போனாரு," என்றாள். "அழவே இல்ல. ரோட்டையும் எங்களையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே ஓட்டுனாரு." சொல்லிவிட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெரிய ரோடு வரைக்கும் டிராக்டரு. அங்கேருந்து மின்சுடலைக்கு வேனு. சரியாக்கா?" என்றாள்.

மறுநாள் காலையிலேயே ஆ செங் வந்துவிட்டான். நான் சொல்லாமலே டிராக்டரைக் கழுவியிருந்தான். என் கணவர் டிரெய்லருக்குத் தென்னங்கீற்று கட்டினார். ஓட்ட வந்தவன் அவனிடம் வேலை பார்க்கும் இந்தோனேசியப் பையன். பழக்குலையை ஏற்றிக்கொண்டு பறக்கிறவன். முதல் கியர், முதல் கியர் என்று அவனிடம் நான் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

கூட்டம் வராமல் இல்லை. கோலாலம்பூரிலிருந்து, பினாங்கிலிருந்து, எங்கெங்கோ போனவர்கள் வந்திருந்தார்கள். மாலை வைக்க இடமில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பார்த்த முகங்கள், கட்டிப்பிடித்து அழுகை, "நீ ஆபீஸ் கிராணி வீட்டுப் பக்கத்து வீடுதானே" என்ற விசாரிப்பு எல்லாம் இருந்தது. பெட்டியை டிரெய்லரில் ஏற்றியதும் சிலர் கைபேசியில் படம் எடுத்தார்கள். பிறகு எல்லாரும் காரை எடுக்கப் போனார்கள். லோரோங்கில் நிறுத்த இடமில்லாமல் கார்களைப் பெரிய சாலையில் விட்டிருந்தார்கள். வேன் அங்கிருந்துதானே கிளம்புகிறது, அங்கேயே சேர்ந்துகொள்ளலாம் என்பது கணக்கு. மழை விட்ட வெயில், முட்டி வலி, சாயங்காலத்துக்குள் ஊர் திரும்ப வேண்டும். நான் குறை சொல்லவில்லை. முட்டி வலி எனக்கும் உண்டு.

டிராக்டர் உறுமியது. கலாவின் கணவர், பிள்ளைகள், என் கணவர், ஆ செங். பின்னால் நின்றவர்கள் அவ்வளவுதான். ஓட்டும் பையன் திரும்பிப் பார்த்தான். கியரிலிருந்து கையை எடுத்துவிட்டு, வாசலில் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டான்: "துங்கு ஓராங் டுலு, காக்?"

ஆட்கள் வரட்டும், காத்திருக்கவா என்று கேட்கிறான். ஒரு டிராக்டரும் இத்தனை மாலையும் இருந்தால் பின்னால் ஊர் வரும் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. அண்ணனுக்காக மட்டும் இல்லை.

தோட்டத்தில் பெண்கள் கோயில் முச்சந்தியோடு நின்றுவிடுவோம். அதற்குமேல் ஆண்கள்தான். இங்கே வீட்டு வாசலையே முச்சந்தியாக வைத்துக்கொண்டு நானும் கலாவும் நின்றிருந்தோம். நான் செருப்பைக் கழற்றினேன். கலா என்னைப் பார்த்தாள், அவளும் கழற்றினாள். பையனிடம், போப்பா, எல்லாரும் வந்தாச்சு என்று மலாயில் சொன்னேன். வண்டி முதல் கியரில் நகர்ந்தது.

பெரிய சாலை வரைக்கும் இருந்த லோரோங் எல்லாம் நடந்தோம். சவம் போகும்போது சாத்துகிற வழக்கப்படி சீனர் வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு மலாய்க்கார அம்மா வாசலில் எழுந்து நின்றார். தார் சுட்டது. நான் நடக்க நடக்க ஒரு குரலை எதிர்பார்த்துக்கொண்டே போனேன். பின்னாலிருந்து யாராவது ஒரு கிழவி, "ஏ புள்ளைங்களா, எங்க போறீங்க? நில்லுங்க. பொம்பளைங்க இதுக்குமேல வரக் கூடாது," என்று அதட்டுவாள், தோளைப் பிடித்து இழுப்பாள் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. இழுத்திருந்தால் சந்தோஷமாக நின்றிருப்பேன். பெரிய சாலை வந்துவிட்டது. யாரும் அதட்டவில்லை. அப்படி அதட்டத் தெரிந்தவர்களை எல்லாம் அண்ணனே ஒவ்வொருவராகக் கொண்டு போய் விட்டிருந்தார்.