விழுவதற்கு முந்தி

மயக்கம் முந்தியா, விழுந்தது முந்தியா? ஆக்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டரம்மா கேட்டது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'ப்ரிசீட்' என்ற ஒரே வினைச்சொல்லில் முடித்துவிட்டார். அதைத் தமிழில் கொண்டுசேர்ப்பது என் வேலை. நான் மதுரைக்காரி, இங்கே மருத்துவ மொழிபெயர்ப்பாளர். படுக்கையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நகரின் தெற்கே தகனினியில் வீடு, கூரியர் வேன் ஓட்டுகிறார். சமையலறையில் விழுந்து நெற்றியில் தையல் போட்டிருந்தது.

"மயக்கம் விழுதலை முந்தியதா?" என்று அகராதித் தமிழில் கேட்டால் மனிதர் திருதிருவென்று விழிப்பார். ப்ரிசீட் என்றால் முன்னால் நடப்பது, அவ்வளவே. முன்னால் நடந்ததுதான் காரணம் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. ஆனால் டாக்டர்கள் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் காரணத்தைத் தேடுகிறார்கள். தடுக்கி விழுந்து மயங்கினால் தலையைப் பார்ப்பார்கள். மயங்கி விழுந்தால் இதயத்தைப் பார்ப்பார்கள். அதனால் பிரித்துக் கேட்டேன்.

"அண்ணா, முதல்ல தலை சுத்திச்சா, இல்ல முதல்ல கால் தடுக்கிச்சா?"

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, கால் தடக்கி விழுந்தனான் எண்டு சொல்லிவிடுங்கோ. தலை முந்திச் சுத்தினது எண்டால் லைசென்ஸை நிப்பாட்டிப்போடுவினம். வேனை விட்டால் எனக்கு வேற வேலை தெரியாது."

பாவமாக இருந்தது. அந்த வேன் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் இங்கே பேசுவதெல்லாம் இரண்டு பக்கமும் போகும் என்று அறைக்குள் வந்ததுமே சொல்லியிருந்தேன். அவர் மறந்திருக்கலாம், நான் மறக்க முடியுமா? ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

என் ஆங்கிலத்தில் லைசென்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"நீங்களும் தமிழ்தானே?"

அதையும் மொழிபெயர்த்தேன்.

டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். "உங்க வேலை போகணும்னு எனக்கு ஆசையில்ல. சமையலறையில வந்தது மோட்டார்வேயில வேகமா ஓட்டும்போது வந்திருந்தா? விழுறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க."

இந்த முறை அவர் டாக்டரையே பார்த்துச் சொன்னார்.

"கையிலை தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அது நழுவினது தெரியும். உடைஞ்ச சத்தம் கேக்கேல்லை. அதுக்கு முதல் நாளும் ஒருக்காக் கண் இருட்டினது. பிள்ளையளும் வேனிலை இருந்தவை."

கோப்பை உடைவதற்குள் நினைவு போயிருக்கிறது; மயக்கம்தான் முந்தி. இதயம் இடையிடையே நின்று நின்று துடிக்கிறது என்று சோதனையில் தெரிந்தது. பேஸ்மேக்கர் வைத்தார்கள். வண்டி ஓட்டுவதையும் கொஞ்ச காலம் நிறுத்தினார்கள். நான் விடைபெற்றபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை எனக்கு மனசே சரியில்லை.

சில மாதம் கழித்து அவருடைய செக்கப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நோயாளியே நான்தான் வர வேண்டும் என்று கேட்டாராம். போனால், வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரும்ப ஓட்ட அனுமதி கிடைத்துவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எது முந்தி, எது பிந்தி என்பதை நோயாளி சொல்லட்டும். இரக்கப்பட்டுக்கூட நாம் அதை இடம் மாற்றக் கூடாது.

"அன்னைக்கு என் மேல அவ்வளவு கோவப்பட்டீங்களே, இப்ப ஏன் என்னையே வரச் சொல்லிக் கேட்டீங்க?" என்று செக்கப் அறையில் அவரிடம் கேட்டேன்.

"கோவம்தான். ஆனா நீங்கள் ஒண்டையும் விடேல்லை. அப்ப டாக்டர் சொல்லுறதும் எனக்கு முழுசா வரும்தானே," என்றார்.