நம்பர் தெரியாத படங்கள்

பேத்தி தன் காரை விற்கப் போகிறாள். மலாக்காவில், புக்கிட் பெருவாங் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கழுவி, மெழுகு போட்டுத் துடைத்து, கைபேசியால் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். முடித்ததும் பக்கத்தில் வந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். நன்றாகத்தான் எடுத்திருந்தாள். அதற்கப்புறம் அவள் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விரலால் தேய்த்துத் தேய்த்து, நம்பர் பிளேட்டை மட்டும் மங்கலாக்கினாள்.

"ஏம்மா, நம்பர போய் அழிக்கிற?"

"மறைச்சிட்டுத்தான் போடணும் தாத்தா. தெரிஞ்சா ஸ்கேம் பண்றவனுங்க எடுத்துக்குவானுங்கலா. இப்ப எல்லாரும் இப்படித்தான்."

எல்லாரும் இப்படித்தானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை அது. "என்ன தாத்தா?" என்றாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த மெழுகு வாடை இருக்கிறதே, அதுதான் முதலில் என்னைக் கிளப்பியது. புலாவ் செபாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எங்கே போனாலும் ஒட்டுப்பால், அந்தக் காய்ந்த ரப்பர் பாலின் நாற்றம்தான். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் கார் கொட்டகையில் மட்டும் மெழுகு வாசம். டிரைவர் அண்ணன் அந்தப் பச்சைக் காரைத் துடைக்கும்போது நான் ஆபீஸ் வேலையைப் போட்டுவிட்டு அங்கே போய் நிற்பேன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. நான் சின்னக் கிராணி, அதாவது ஆபீசில் எழுதுகிற வேலை. அதனால் வீட்டில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம், ஒரு பழைய பெட்டிக் கேமரா வாங்கியது.

மனிதர்களைத்தான் முதலில் எடுத்தேன். கறுப்பாக விழுந்துவிட்டது என்பார்கள், கழுத்து எங்கே என்பார்கள், காசும் தரமாட்டார்கள். கார் வாய் திறக்காது. அதனால் காருக்கு மாறினேன். காரணம் அவ்வளவுதான், கலையும் இல்லை, மண்ணும் இல்லை.

வெள்ளைக்காரன் ஆட்சியின் அந்தக் கடைசி வருடங்களை மலாயா அவசரகாலம் என்று பின்னால் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு அது முள்கம்பி வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி, ரோட்டில் பத்து தடவை ஐசி என்கிற அடையாள அட்டையைக் காட்டுவது. துரையின் காருக்குக்கூடப் பக்கவாட்டில் இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் எப்போது எந்த வளைவில் சுடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட காலத்தில்தான் நான் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கார் பின்னால் அலைந்தேன். டாக்டர் கார், ரப்பர் வாங்க வருகிறவர் கார், போலீஸ் அதிகாரி கார். டிரைவர்களெல்லாம் தெரிந்தவர்கள். "எடுடா தம்பி" என்று வெயிலுக்குத் திருப்பிக்கூட நிறுத்தித் தருவார்கள்.

எடுத்ததைப் பார்த்துக் குறை சொல்ல ஒருவன் இருந்தான். ராசநாயகம். புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் சரக்கு ஆபீஸ் கிளார்க். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆங்கிலப் பள்ளிக்கூடம், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. என் வயதுதான், ஆனால் பத்து வயது மூத்தவன் மாதிரி பேசுவான். அவனிடம் மடக்குக் கேமரா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு எதிரே காப்பிக் கடையில் உட்காருவோம். நான் படங்களைப் பரப்புவேன். அவன் கைக்குட்டையைப் பிரித்து ஒரு பூதக்கண்ணாடியை எடுப்பான்.

"காருக்கு உச்சியில மரம் முளைச்சிருக்கு."

"அது பின்னாடி நிக்கிற ரப்பர் மரம்பா."

"எனக்குத் தெரியும். படம் பாக்கிறவனுக்குத் தெரியுமோ? அதோட, நீ நிண்டுகொண்டு எடுக்கிறாய். கார் என்ன உன்ர உயரமோ? குந்தியிருந்து எடு."

கடைசியில் எப்போதும் ஒரே பரீட்சை. "நம்பரை வாசி பாப்பம்." வாசிக்க முடியாவிட்டால் படத்தைத் தள்ளிவிடுவான். "நம்பர் தெரியாட்டி இது படமில்லை, கறை."

கோபம் வரும். ஆனால் அடுத்த ஞாயிறும் போவேன். ஏனென்றால் மலாக்கா டவுனில் பழைய கார் வாங்கி விற்கிற ஒருவர் அவன் மாமாவுக்கு வேண்டியவர். பேப்பரில் விளம்பரம் போடப் படம் எடுக்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. "நல்லாயிருக்கு எண்டு என்ர வாயால வரட்டும். அண்டைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்" என்று ராசநாயகம் சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் முள்கம்பிக்கு வெளியே போய்விடலாம். அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம். அதற்காக எவ்வளவு திட்டையும் வாங்கலாம்.

வாங்கினேன். குந்தி எடுக்கப் பழகினேன். கேமராவைக் கல்லின் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கப் பழகினேன். பத்தடி தள்ளி நின்றால்தான் என் பெட்டிக்குக் கண் தெரியும் என்று கண்டுபிடித்தேன். காலை வெயில் சாய்ந்து விழும்போது நம்பர் எழுத்துகள் எழுந்து நிற்கும். சாப்பாட்டுக் காசெல்லாம் ஃபிலிமாகப் போனது. துரைக்கு அவர் காரைப் பெரிதாகப் போட்டு ஒரு படம் கொடுத்தேன். சிரித்தபடி வாங்கிப் பங்களாச் சுவரில் மாட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராசநாயகம் வெகுநேரம் குனிந்தே இருந்தான். ஒவ்வொரு நம்பரையும் சத்தமாக வாசித்தான். காப்பி ஆறிவிட்டது. நான் அவன் வாயையே பார்த்தேன்.

"பின்னால வேலி கொஞ்சம் சரிவு," என்றான்.

வேலி மட்டும்தான்! அன்றைக்கு நான் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரம் சொல்லிவிடுவான் என்று நிச்சயமாக இருந்தேன்.

அந்த வாரம்தான் காட்டு வளைவில் துரையின் பச்சைக் காரைச் சுட்டார்கள். தகடு காப்பாற்றியது, துரை தப்பினார். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளையெல்லாம் போலீஸ் புரட்டிப் போட்டது. எங்கள் வீட்டில் நான் படங்களைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின் கிடைத்தது.

வெள்ளைக்கார அதிகாரி டின்னை மேசையில் கொட்டினார். ஒவ்வொரு படமாக எடுத்து, அவரும் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, ராசநாயகம் பார்த்த மாதிரியே பார்த்தார். நம்பர் தெரிந்ததெல்லாம் வலது பக்கம், தெரியாததெல்லாம் இடது பக்கம். வருடக்கணக்காக நான் பாடுபட்டது முழுவதும் வலது பக்கம் சேர்ந்தது. துரை கார், டாக்டர் கார், அவருடைய காரேகூட. எந்தக் கார் யாருடையது என்று காட்டில் இருப்பவர்களுக்குக் காட்டிக்கொடுக்க இதைவிட என்ன வேண்டும்?

"நம்பர் தெளிவாக விழவேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். என் சிநேகிதன் வந்தால் விளங்கவைப்பான் என்றேன். ஆள் அனுப்பினார்கள்.

வந்தான். அதே வெள்ளைக் கால்சட்டை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. வலது பக்கக் குவியலை எடுத்து, ஒன்றுவிடாமல் பார்த்தான். அப்புறம் ஆங்கிலத்தில் சொன்னான். என் அரைகுறை ஆங்கிலத்துக்கே பளிச்சென்று விளங்கியது. "இதெல்லாம் இவன் எடுத்திருக்க முடியாது, சார். எனக்கு இவனைத் தெரியும், இவனுக்கு எடுக்க வராது. இவை மிக நல்ல படங்கள். நன்றாகத் தேர்ந்த ஒரு ஆள் எடுத்தவை."

பாவி! மிக நல்ல படங்களாம். அந்த வார்த்தைக்குத்தானே அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் காத்திருந்தேன்?

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் அந்தத் தேர்ந்த ஆள் யார்?"

நான்தான் எடுத்தேன் என்று கத்தினேன், கும்பிட்டேன். சரி, எடுத்துக் காட்டு என்று என் கேமராவையே கையில் கொடுத்து, வெளியே நின்ற ஜீப்பைக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் துப்பாக்கி. கல்லும் இல்லை, காலை வெயிலும் இல்லை. நின்றபடியே அமுக்கினேன். ஃபிலிமைக் கழுவிக் கொண்டுவந்தபோது ஜீப் ஒரு கறையாக இருந்தது. அதோடு என் கதை முடிந்தது. இல்லாத ஒரு ஆளின் பெயரைக் கேட்டு ஏறக்குறைய ஒரு வருடம் என்னை உள்ளே வைத்திருந்தார்கள். அப்பா அம்மாவைத் தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். போன இடத்தில் அப்பா அதிக நாள் இருக்கவில்லை, நான் கொள்ளிவைக்கவும் இல்லை. துரையின் பங்களாச் சுவரில் என் படம் தொங்கிக்கொண்டுதான் இருந்ததாம். அதை யாரும் கேட்கவில்லை.

வெளியே விட்டபோது டின்னைத் திருப்பிக் கொடுத்தார்கள். இடது பக்கக் குவியல் மட்டும் உள்ளே இருந்தது.

பிறகு நான் மஸ்ஜித் தானா பக்கம் லாரி ஓட்டினேன். கேமராவைத் தொடவே இல்லை. சில வருடம் கழித்துப் புலாவ் செபாங் ஸ்டேஷனில் ராசநாயகத்தைப் பார்த்தேன். அவன்தான் ஓடி வந்தான்.

"உன்னைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னனான்."

காப்பாற்றின லட்சணத்தைப் பார்! அறையலாம் என்று கை வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. வெட்கக்கேடு, அதையும் சொல்லிவிடுகிறேன். "படம் நெசமாவே நல்லாருந்திச்சா?" என்று கேட்டேன்.

"அதைத்தானே அண்டைக்கும் சொன்னனான்," என்றான். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டான். தன்னைக் காப்பாற்றிக்கொண்டானா, என்னையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டதாகக் கேள்வி.

காப்பிக் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். சரக்கு ஆபீஸ் இல்லை, துரையின் பங்களாவும் அந்தச் சுவரும் இல்லை. எங்கள் லயம் இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனை நிற்கிறது. அந்த வலது பக்கக் குவியலை எரித்தார்களோ, எந்த அலமாரியில் கறையான் தின்றதோ. நான் ஒரு காலத்தில் நன்றாகப் படம் எடுத்தவன் என்பதற்கு உலகத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நேற்று பேத்தி அலமாரியைத் துழாவி அந்த டின்னைத் திறந்துவிட்டாள். மங்கலான கார்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"தாத்தா, இதுல ஒண்ணுலகூட நம்பர் தெரியலயே. அப்பவே உங்களுக்கு வெவரம் இருந்திருக்குலா!"

ஆமாம்மா என்றேன். டின்னை வாங்கி மூடினேன்.