புரியாத இடத்தில் கை தூக்காதவன்

"இவருக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்." நாலு பேர் முன்னால் பாட்டில் மேடம் என்னைக் காட்டிச் சொன்ன சொல் இது. ஏழு வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. நான் நகரமன்ற ஜீப் ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தர் அன்று முழுக்க, "என்னண்ணே, ஊருக்குப் புரிஞ்சிடுச்சா?" என்று கிண்டலடித்தார். இதையே போகிற இடமெல்லாம் குறையாகச் சொல்லித் திரிந்தேன். நான் செய்ததை மட்டும் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

மேடம் சுகாதாரப் பிரிவுக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவர். வீடு வீடாகக் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அலைந்ததால் அந்தப் பெயர். இரண்டு வருஷம், நானூறு வீடு. நாய் விரட்டினால் மறுநாள் பிஸ்கட்டோடு அதே வாசலில் நிற்பார். குழாய் சாக்கடைக்குள் ஓடும் தெருக்களில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு அதிகம் என்று கண்டுபிடித்தார். குழாயை மாற்ற நகரமன்றம் சம்மதிக்க வேண்டும். மன்றக் கூட்டத்தில் பேசக் கிடைத்தது பத்தே நிமிஷம்.

அதை முதல் நாள் ஜீப்பில் உட்கார்ந்து என்னிடம் பேசிப் பார்த்தார். ஆபீசில் எல்லார் முன்னாலும் அந்தச் சொல்லைச் சொன்னதும் இதற்காகத்தான். "புரியாத இடத்துல கையைத் தூக்குங்கண்ணே."

இடர் விகிதம் என்றார், நம்பக இடைவெளி என்றார். ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் வீம்பு. இவரிடம் போய் மக்கு என்று ஒத்துக்கொள்வதா? ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"எல்லாம் தண்ணி பட்ட பாடு மேடம்" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தும் உண்மையைச் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினேன்.

மறுநாள் அதே சொற்களைத்தான் மன்றத்தில் சொன்னார். நான் பின்சுவரில் சாய்ந்து நின்றேன்.

"நம்பக இடைவெளியா? அது என் வீட்டுலயே இருக்கும்மா" என்றார் ஓர் உறுப்பினர். ஒரே சிரிப்பு.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா, இப்ப நாங்க என்னதான் செய்யணும்?"

மேடம் அறிக்கையில் நாற்பத்தோராம் பக்கத்தைத் தேடினார். கண்டுபிடிப்பதற்குள் தெருவிளக்குப் பிரச்சினைக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வந்து, "உங்களுக்குப் புரிஞ்சுதேண்ணே, அவங்களுக்கு ஏன் புரியல?" என்று கேட்டார். குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தேன்.

அந்த வருஷ மழையில் என் தங்கை மகள் வயிற்றுப்போக்கு வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் வாடிக் கிடந்தாள். அவர்கள் இருப்பது சாக்கடைத் தெரு. பிள்ளை பிழைத்தது. தங்கை முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மேடத்துக்கு மாறுதல் வந்தது. பஸ் நிலையத்தில் பெட்டியை இறக்கும்போது, தங்கை மகள் படுத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே புரியல மேடம். நாலு பேர் முன்னாடி அப்படிச் சொல்லிட்டீங்கன்னு வீம்பு."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அப்படிச் சொன்னது என் தப்புண்ணே" என்றார்.

பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"தலைவரைத் தினம் வீட்டுல விடுறது நீங்கதானே? நாளைக்கு உங்க தங்கச்சி தெரு வழியா போங்க. குழாய் சாக்கடைக்குள்ள முங்கிக் கிடக்கிற இடத்துல வண்டியை நிறுத்தி, அவரைக் கீழ இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கண்ணே."