ஷூ கடை வாசலில் அக்கா

ஒரு வருஷத்துக்கும் மேலாக எங்கள் அக்காவை ஒரு ஷூ கடை வாசலில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கடை எந்த ஊரிலும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

கல்யாணமாகி வெளிநாடு போன அக்கா, தன் கம்ப்யூட்டரில் கேமரா ரிப்பேர் என்று சொல்லிவிட்டாள். போனில் பேசினால் காசு கரைந்துவிடும். அவள்தான் அந்த விளையாட்டைச் சொன்னாள். இணையத்துக்குள் ஒரு முழு ஊர். தெரு, கடல், கட்டடம் எல்லாம் உண்டு. நமக்கென்று ஒரு பொம்மை உருவம் செய்துகொண்டு அங்கே நடக்கலாம், எதிரே வருகிறவர்களிடம் எழுதிப் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

முதல் வாரம் இருவரும் ஒருவரையொருவர் தேடியே நேரம் போனது. அப்புறம்தான் அந்த ஷூ கம்பெனியின் போர்டு கண்ணில் பட்டது. எங்கள் ஊரில் எந்த வயலில் நின்றாலும் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். அந்த ஊரில் அந்த போர்டு அப்படி; அதன் அடியில்தான் சந்திப்போம். நிஜமான கம்பெனி, நிஜமான விளம்பரம். உள்ளே போனால் கம்பெனி பேர் போட்ட சிவப்பு பனியன் ஓசி. அவர்கள் ஷூவை வாங்க எங்களுக்கு வக்கு கிடையாது, ஓசிப் பனியனை விடுவோமா? ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டோம். சம்பளமில்லாமல் அந்தக் கம்பெனிக்கு விளம்பரம் செய்த செஞ்சிக்காரிகள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். இன்றைக்கும் யாராவது அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு போனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மனசு ஏங்குகிறது.

ஒருநாள் அம்மா மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பறித்த மண் கையோடு நேராகப் பிரவுசிங் சென்டருக்கே வந்துவிட்டாள்.

“எங்கடி அவ?”

சிவப்பு பனியனில் நின்ற இரண்டு பொம்மைகளில் ஒன்றைக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்தாள்.

“இன்னாடி இப்படி எளச்சிட்டா? அங்க சோறு போடறாங்களா இல்லியா, கேளு.”

அது வெறும் பொம்மை, எல்லோருக்கும் அப்படித்தான் ஒல்லியாக வரும் என்றேன். “நீ கேளுடி” என்றாள். சிரித்துக்கொண்டே எழுதினேன். அக்காவின் பொம்மை கடையை ஒரு சுற்று சுற்றி வந்தது. பிறகு, நன்றாகச் சாப்பிடுவதாக எழுதினாள்.

அடுத்த வாரம் அக்கா குண்டாக வந்து நின்றாள். உருவத்தை இஷ்டத்துக்குப் பெருக்கிக்கொள்ள அங்கே வசதி உண்டு. கன்னம் உப்பியிருந்தது. தள்ளின வயிற்றின் மேல் கம்பெனி பேர் இழுபட்டுப் பெரிசாகத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. “இப்பதான் கண்ணுக்கு நல்லா இருக்குது” என்று திரைக்கு நெட்டி முறித்தாள். அன்றைக்கு வீட்டில் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

கொஞ்ச நாளில் கம்பெனி அந்தக் கடையை மூடிவிட்டது. வியாபாரம் இல்லை போலிருக்கிறது. போர்டு இருந்த இடத்தில் வெறும் தரைதான். அதன்மேல் பழைய பனியனோடு நின்று நாங்கள் பேசினோம்.

பிறகு அக்கா ஊருக்கு வந்தாள், தனியாக. பஸ்ஸை விட்டு இறங்கியவளைத் தாண்டி, பின்னால் இறங்குகிறவர்களிடையே மகளைத் தேடினாள் அம்மா. எலும்பும் தோலுமாக நின்றவள்தான் அக்கா. கேமராவுக்கு ஒரு ரிப்பேரும் இருந்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். “கம்ப்யூட்டரு பொட்டில நல்லாத்தானடி இருந்த?”

“அது வெளம்பரம்மா” என்றாள் அக்கா.

அம்மா அவள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அக்காவைத் திரும்பப் புருஷன் வீட்டுக்கு அனுப்பவே இல்லை.