ஜெயந்தினியின் கீழ்த்தாடை

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள் ஜெயந்தினி. வயது இருபத்தாறு. அவளுக்குக் கீழ்த்தாடை முன்னால் தள்ளி நின்றது. முன்பற்கள் ஒன்றோடொன்று சேராததால் எதையும் பிய்த்துக் கடைவாயில் ஒதுக்கித்தான் மெல்லுவாள். யார் முன்னாலும் சாப்பிடமாட்டாள்.

பஸ் ஏறி நான்கு மணி நேரம் போகவேண்டிய பெரிய ஆஸ்பத்திரியில், முதல் நாளே டாக்டர் கேள்விமேல் கேள்வி கேட்டார். யார் அனுப்பியது, கல்யாணத்துக்காகவா, முகம் மாறினால் வாழ்க்கையும் மாறிவிடும் என்று நினைக்கிறாளா? தோட்டத்துப் பெண்ணைத் திருப்பி அனுப்பக் காரணம் தேடுகிறார் என்றே அவளுக்குப் பட்டது. கடிக்க முடியவில்லை என்று மட்டும் சொன்னாள்.

தாடையைச் சரிசெய்யும் அறுவைக்கு அவளைச் சேர்த்துக்கொண்டு, அதற்கு முன்பு ஒன்றரை வருடம் பல்லுக்குக் கம்பி போட்டார்கள். தாடை இன்னும் துருத்திக்கொண்டது. பற்கள் நேராகும்போது முதலில் அப்படித்தான் தெரியும் என்றார் டாக்டர். அம்மா வீரம்மா நம்பவில்லை.

"இருந்ததையும் கெடுத்துட்டு, அப்புறம் வெட்டித்தான் ஆகணும்பாங்க. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க நம்ம மேலதான் வேலை பழகுறாங்க."

போகும்போதெல்லாம் மாணவர்கள் அவள் முகத்தைப் படம் எடுத்ததால், ஜெயந்தினிக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அறுவைக்கு முந்திய நாள் சம்மதத் தாளை நீட்டினார்கள். சிங்களத்தில் இருந்தது. அவளுக்குச் சிங்களம் ஓரளவு பேச வரும், வாசிக்க வராது. தமிழில் யாராவது வாசித்துச் சொல்லாமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றாள். தாதியின் முகம் சுருங்கியது. வெகுநேரம் கழித்து, வார்ட்டில் வேலை செய்யும் சுமன் என்ற கொட்டகலைத் தமிழரைக் கூட்டிவந்தார். அவர் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"என்னண்ணே, அதுல என்ன இருக்கு?"

"கீழ் உதட்டுல உணர்ச்சி போகலாம்னு இருக்கு தங்கச்சி. சில பேருக்குத் திரும்பியும் வராதாம்."

இத்தனை மாதத்தில் இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. இன்னும் என்னென்ன சொல்லாமல் விட்டார்களோ என்று அன்று பகல் முழுக்க யோசித்தாள். மாலையில் கையெழுத்து வைத்தாள். போட்ட கம்பியோடு இந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பிப்போக அவளால் முடியவில்லை.

எலும்பை வெட்டிப் பின்னால் தள்ளிப் பூட்டினார்கள். ஆறு வாரம் கஞ்சியும் சூப்பும்தான். வீக்கம் வடிந்ததும் லயத்து வீடுகளில் எல்லோரும் அழகாயிட்ட என்றார்கள். அவள் தலை மறைந்ததும் எந்த மாப்பிள்ளைக்காக என்று பேசிக்கொண்டதும் அவள் காதுக்கு வந்தது.

ஒரு வருடம் கழித்துக் கிளினிக்கில், திருப்தியா என்று கேட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். இந்த முறை தமிழில் இருந்தது. நன்றாகக் கடித்துச் சாப்பிட முடிகிறது என்று எழுதினாள். இடதுபக்கக் கீழ் உதடு மரத்தே இருக்கிறது, தேத்தண்ணி வழிந்தாலும் தெரிவதில்லை என்றும் எழுதினாள். எழுதியதைப் பிறகு யாரும் மாற்றிவிடக்கூடாதே என்று போனில் படம் எடுத்துக்கொண்டுதான் கொடுத்தாள்.

டாக்டர் அதைக் கவனித்தார். மறுபடி வாய்ப்பு வந்தால் இந்த அறுவையைச் செய்துகொள்வாளா என்று, அவள் துணைக்குக் கூப்பிட்டிருந்த சுமன் மூலம் கேட்டார்.

"செஞ்சிக்குவேன். ஆனா உதட்டு விஷயத்த மொத நாளே சொல்லியிருக்கணும்."

சுமன் சொன்னதைக் கேட்டு டாக்டர் தலையாட்டினார். அவள் படங்களை மாணவர்களுக்குக் காட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அவர் தன்னிடமிருந்த சிங்களத் தாளில் ஒரு வரியை அடித்தார். எந்த வரி என்று சுமனிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

அடுத்த கிளினிக் ஆறு மாதத்தில். வீரம்மா இனி எதற்கு என்கிறாள். ஜெயந்தினி போவதாகத்தான் இருக்கிறாள்.